புகை என்றுதான் நினைத்தோம்

எனக்குப் பூனை பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதைப் படிக்கிறவர்கள் என்னைப் பெரிய ஜீவகாருண்ய சீலன் என்று நினைத்துக்கொள்வார்கள். ஸ்ரீவராகத்தில் எங்கள் தெரு வீடுகள் ஒன்றின் சுவரில் ஒன்று சாய்ந்து நிற்பவை. இங்கே ஒரு வீட்டுப் பூனை என்று தனியாகக் கிடையாது. பால் பாத்திரத்தை மூட மறந்த வீடெல்லாம் அதன் வீடுதான். அந்தக் கூட்டத்தை விரட்டி விரட்டியே பாதி ஆயுசைக் கழித்தவன் நான். எனக்கு மூக்குமேல் கோபம் வேறு. தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நான் சொல்ல வந்தது எங்கள் பெண் கொண்டுவந்த பூனையைப் பற்றி. கல்லூரியில் படிக்கும்போது ஒரு மழை நாளில் துப்பட்டாவுக்குள் ஒளித்து எடுத்துக்கொண்டு வந்தாள். "ரெண்டே நாள்பா, யாராவது கேட்டா கொடுத்துடலாம்" என்றாள். யாரும் கேட்கவில்லை. அப்புறம் அவளுக்குக் கல்யாணமாகிப் பெங்களூருக்குப் போனாள், பூனை இங்கேயே தங்கிவிட்டது. அவர்கள் ஃபிளாட்டில் பிராணிகள் கூடாதாம். "அம்மா பாத்துப்பா" என்று சொல்லித்தான் விட்டுப் போனாள். ஆனால் அந்தச் சனியன் வந்து படுத்ததெல்லாம் என் மடியில்தான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு உட்கார்ந்த புதிது. காலையில் பேப்பரை விரித்தால் நான் படிக்கிற பக்கத்தின்மேலேயே வந்து உட்காரும். தள்ளினால் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே இடத்தில் உட்காரும். தயிர்சாதம் சாப்பிடும். பெண் ஆன்லைனில் அனுப்புகிற உருண்டைத் தீனியும் சாப்பிடும். பெண் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தாள். நான் ஒருநாளும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "டேய்" என்பேன். எங்கே இருந்தாலும் வரும்.

மாசி மாதம் ஆற்றுக்கால் பொங்காலை அன்று எங்கள் தெரு தெருவாகவே இருக்காது. கோயிலைச் சுற்றிப் பல மைல் தூரத்துக்குப் பெண்கள் மூன்று செங்கல் வைத்து அடுப்புக் கூட்டி, புதுப் பானையில் அரிசியும் வெல்லமும் தேங்காயும் போட்டுப் பொங்குவார்கள். எங்கெங்கிருந்தோ முதல் நாளே வந்து கல்லைப் போட்டு இடம் பிடித்துவிடுவார்கள். எங்கள் வாசற்படியை ஒட்டியே முதல் வரிசை, அதற்கு எதிரே இன்னொரு வரிசை, நடுவில் ஒரு வரிசை. ஒரு முறை அடுப்பில் தீ ஏற்றிவிட்டால், பிற்பகலில் பூசாரி வந்து தீர்த்தம் தெளித்து நிவேத்யம் முடியும்வரை யாரும் எழுந்து போகமாட்டார்கள். ஆண்களுக்கு அன்று தெருவில் வேலை கிடையாது. வீட்டைத் திறந்து வைத்து, வெளியூர்ப் பெண்களுக்குக் குளியலறையைக் காட்டி, குடிக்கத் தண்ணீர் கொடுப்பதுதான் எங்கள் கைங்கர்யம்.

என் மனைவி வருஷா வருஷம் எங்கள் வாசலிலேயே அடுப்பு வைப்பாள். அவளுக்குப் பக்கத்து அடுப்பு போனக்காட்டிலிருந்து வருகிற ஒரு பெண்ணுடையது. மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவள். அவள் பாட்டன் காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து போன குடும்பம். விதுரை வரைக்கும் ஜீப்பில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து முதல் நாள் இரவே வந்துவிடுவாள். எங்கள் கூடத்தில்தான் படுத்துக்கொள்வாள். என் மனைவியை "மாமி" என்பாள், என்னை "சார்" என்பாள். என் கோபத்துக்குப் பயப்படாத மிகச் சிலரில் அவளும் ஒருத்தி.

அந்த வருஷம் பொங்காலைக்கு ஒரு வாரம் முன்பே பூனை அலமாரிமேல் ஏறுவதை நிறுத்தியிருந்தது. கீழே நின்று அண்ணாந்து பார்க்கும், பிறகு வேண்டாம் என்று முடிவு செய்தது மாதிரி போய்விடும். "தின்னு தின்னு உடம்பு வெச்சுடுத்து" என்றேன். மடியில் சுருண்டு படுக்காமல், கால்களை மடக்கிக் குந்தியே தூங்கியது. அதையும் பார்த்தேன். பார்த்தேனே தவிர என்ன கண்டேன்? ஒரு மண்ணும் காணவில்லை.

பொங்காலை அன்று காலையில் கிண்ணத்தில் வைத்த தீனி அப்படியே இருந்தது. வீடு முழுக்க அந்நியப் பெண்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். பயந்துவிட்டது என்று நினைத்து, பின்கட்டு அறையில் கொண்டுபோய் விட்டுக் கதவைச் சாத்தினேன். கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது. முன்னங்கால்களை அகட்டி வைத்துக் கழுத்தை முன்னால் நீட்டி உட்கார்ந்தது. "டேய்" என்றேன். வரவில்லை. காதை மட்டும் திருப்பியது. கூட்டம் போனால் சரியாகிவிடும் என்று வந்துவிட்டேன்.

கோயிலில் அடுப்பு மூட்டிய வெடிச்சத்தம் கேட்டதும் தெரு முழுக்கப் பெண்கள் நாக்கைச் சுழற்றி இட்ட குரவை எழுந்தது. ஒரே நேரத்தில் எல்லா அடுப்பிலும் தீ. காய்ந்த தென்னோலையும் பாளையும் எரிகிற புகை எப்படி இருக்கும் என்று அன்று இந்த ஊரில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். எதிர்வீடு தெரியாது. கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாகக் கொட்டும். நானே இருமி இருமி வயிறு வலிக்க வலிக்கத்தான் பின்கட்டுக்குப் போனேன். பூனை கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து ஜன்னலுக்குக் கீழே இருந்தது. வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வயிறு குபுக் குபுக்கென்று ஏறி இறங்கியது.

வாசலுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். "இங்கே பார், பூனை வாயைத் தொறந்துண்டு மூச்சு விடறது."

அவள் புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க விடலியா? நானே வாயாலதான் மூச்சு விட்டுண்டிருக்கேன். புகை, வேறே எந்தா? ஜன்னலைச் சாத்திட்டு ஃபேனைப் போடுங்கோ."

"ஆமா சார்" என்றாள் போனக்காட்டுக்காரி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "எனக்கே நெஞ்சை அடைக்குது. நிவேத்யம் ஆச்சுன்னா தெரு காலியாயிரும். அது பாட்டுக்குச் சரியாப் போவும்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. நாய் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு இரைப்பதில்லையா? அந்த மாதிரி இதுவும் என்று எடுத்துக்கொண்டேன். திரும்பிப் போய் ஜன்னலைச் சாத்தினேன், ஃபேனைப் போட்டேன், தண்ணீர் வைத்தேன். பூனை தண்ணீரைப் பார்த்தது, குடிக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று போனில் ஒரு வீடியோ எடுத்துப் பெண்ணுக்கு அனுப்பினேன். 'இங்கே ஒரே புகை. உன் பிள்ளை படற பாட்டைப் பார்' என்று கீழே எழுதினேன். கேலியாகத்தான் எழுதினேன்.

பதில் வரவில்லை. அந்தக் கூட்டத்தில் போன் சரியாக வேலை செய்யாது என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். ஆனால் அப்போது புத்தி அந்தப் பக்கம் போகவே இல்லை. பயப்படுகிற விஷயமாக இருந்தால் அவள் உடனே அலறியடித்துக்கொண்டு கூப்பிட்டிருப்பாளே, கூப்பிடவில்லை, அப்படியென்றால் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டேன். போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் குளியலறை வாசலுக்குப் போனேன். அங்கே யாரோ குழாயை மூடாமல் போயிருந்தார்கள், தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "வெள்ளம் என்ன சும்மா வருதா?" என்று கத்தினேன். சேறு மிதித்த காலோடு கூடத்துக்குள் வந்த ஒரு கிழவியைக்கூட விடவில்லை. அவள் பாவம், "க்ஷமிக்கணே மோனே" என்று மன்னிப்புக் கேட்டு, முந்தானையால் தரையைத் துடைக்கக் குனிந்தாள். குழாய்க்கும் தரைக்கும் சண்டை போட்டுக்கொண்டு நான் முன்கட்டில் நின்ற நேரமெல்லாம் அது பின்கட்டில் தனியாக மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டிருந்தது. இதை நினைத்தால் இப்போதும் சோறு இறங்குவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடுவில் ஒருமுறை, கூடையில் எடுத்துக்கொண்டு கிளம்பினால் என்ன என்று தோன்றாமல் இல்லை. வாசலில் வந்து நின்று தெருவைப் பார்த்தேன். கால் வைக்க இடமில்லை. ஆற்றுக்கால் அம்மைக்குப் பொங்குகிற பானைகளுக்கு நடுவே ஓர் ஆம்பிளை பூனையைத் தூக்கிக்கொண்டு போவதா? ஒரு முடி பறந்து ஒரு பானையில் விழுந்தால் போதும், கிழித்துவிடுவார்கள். மனுஷருக்கு நெஞ்சுவலி என்றால் வழி கேட்கலாம், பூனைக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? நிவேத்யம் ஆகட்டும் என்று உள்ளே போய்விட்டேன். வாய்க்கு வந்தபடி ஊரையே திட்டுகிற எனக்கு, வழி விடுங்கள் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது.

அடுத்த முறை பின்கட்டுக்குப் போனபோது பூனை எழுந்து என்னை நோக்கி வரப் பார்த்தது. நான் கூப்பிடவில்லை. அதுவாகவே வரப் பார்த்தது. இரண்டு அடி வைத்துப் பக்கவாட்டில் சரிந்தது. நாக்கு, நாவல்பழம் தின்ற குழந்தையின் நாக்கு மாதிரி நீலம் பாய்ந்திருந்தது. துணிக்கூடையைக் கவிழ்த்துக் கொட்டி, துண்டை விரித்து, அதைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

"அடியே, இது செத்துண்டிருக்குடி!"

மனைவி கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் பானை அப்போதுதான் நுரை கட்டி விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது. அந்தப் பானை பொங்கி வழிவதைப் பார்க்கத்தான் அவள் வருஷம் முழுக்கக் காத்திருப்பாள். ஒரே ஒரு முறை அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டாள்.

"போங்க மாமி" என்றாள் போனக்காட்டுக்காரி. "ரெண்டு பானையும் நான் பாத்துக்கறேன். நீங்க போங்க."

படியிறங்கியதும் நடு வரிசையில் முதல் அடுப்பிலிருந்த பெண் என் கூடையைப் பார்த்து, "எந்தா சாரே, குஞ்ஞா?" என்றாள். குழந்தையா என்று கேட்கிறாள். ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"பூச்சையாணு" என்றேன், பூனைதான் என்று. "ஸ்வாசம் கிட்டல."

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். அந்தப் பெண் எழுந்து நின்று தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு கூப்பாடு போட்டாள். "வழி கொடுக்கு! ஜீவனல்லே, வழி கொடுக்கு!" ஓர் உயிரல்லவா, வழி விடுங்கள் என்கிறாள்.

அவ்வளவுதான். ஒருத்தி எரிகிற ஓலையைக் காலால் இழுத்து ஒதுக்கினாள். ஒருத்தி கொதிக்கிற பானையைத் துணியால் பிடித்துச் சுவரோரம் நகர்த்தினாள். "வழி, வழி" என்று ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குச் செய்தி எங்களுக்கு முன்னால் ஓடியது. நாங்கள் போய்ச் சேருவதற்குள் அடுத்த வரிசை விலகியிருந்தது. யாரென்றே தெரியாத ஒரு பெண், கையில் அகப்பையோடு, எங்களுக்கு முன்னால் புகையை விலக்கிக்கொண்டு நடந்தாள். யாரும் முடியைப் பற்றிப் பேசவில்லை. யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை. பெரிய ரோட்டில் வருகிறவர்களுக்குச் சம்பாரம் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு வேன்காரர், மோர்க் கேன்களை இறக்கி நடைபாதையில் வைத்துவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டார். நினைத்ததில் பாதிகூட நேரமாகவில்லை.

அந்த வழியில் நடந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. காலையில் கேட்டிருந்தாலும் இப்படித்தான் விலகியிருப்பார்கள்.

மிருக ஆஸ்பத்திரியில் இருந்தவர் இளம்வயதுப் பெண் டாக்டர். எங்களிடம் ஒன்றும் கேட்காமல் கூடையை வாங்கி, முதலில் ஆக்ஸிஜன் வைத்தார். பிறகுதான் கேட்டார், எப்போது வாய் திறந்து மூச்சு விடத் தொடங்கியது என்று. "காலையில்" என்றேன். "பொங்காலைப் புகை என்று நினைத்து..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. சின்னக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். நாய் வாய் திறந்து இரைக்கும், அது அதன் இயல்பு. பூனை சும்மா உட்கார்ந்த இடத்தில் அப்படிச் செய்யாது. செய்தால் வெயிலோ புகையோ பயமோ, வேறு எந்தக் காரணமும் தேடிக்கொண்டு நிற்காமல் அந்த நிமிஷமே தூக்கிக்கொண்டு வர வேண்டும். இதயம் நாள்பட்டுப் பழுதாகி நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருக்கிறது என்றார். அலமாரி ஏறாததும், குந்தித் தூங்கியதும், கழுத்தை நீட்டி உட்கார்ந்ததும் எல்லாம் அதனால்தானாம்.

ஊசி வைத்து நீரை எடுத்தார்கள். கொஞ்சம் மூச்சு தணிந்தது. என் மனைவி கையை நீட்டினாள். வெல்லமும் புகையும் மணக்கிற கை. அது அந்தக் கையில் மோவாயை வைத்துக்கொண்டது. "டேய்" என்றேன். காது திரும்பியது. இன்னொரு முறை கூப்பிட்டேன், திரும்பவில்லை. மூச்சும் நின்றுவிட்டது.

"காலையிலேயே வந்திருந்தா?" என்று கேட்டாள் மனைவி. கேட்காதே என்று அவள் தோளைப் பிடித்தேன், ஆனாலும் கேட்டுவிட்டாள்.

டாக்டர் பொய் சொல்லவில்லை. உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆனால் நீரை எடுத்து, மாத்திரை கொடுத்து வீட்டுக்குப் போன பூனைகள் உண்டு, மாதக்கணக்கில் நன்றாக இருந்தவை உண்டு என்றார். "ஒரு சான்ஸ் இருந்திருக்கும்."

நாங்கள் திரும்பி வந்தபோது தெரு காலியாகியிருந்தது. கரி பிடித்த செங்கல்களும் சாம்பலும்தான் கிடந்தன. எங்கள் வாசற்படியில் போனக்காட்டுக்காரி இரண்டு பானைகளையும் வாழையிலையால் மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட வந்தவர்களை பஸ்ஸில் அனுப்பிவிட்டுத் தான் மட்டும் இருந்துவிட்டாள். எங்களைக் கண்டதும் எழுந்து, "எப்படி இருக்கு மாமி?" என்றாள். மனைவி இல்லை என்று தலையை ஆட்டினாள்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "நானும்தானே மாமி புகைன்னு சொன்னேன்" என்றாள்.

"இல்லே, நானாக்கும் முதல்ல சொன்னேன்" என்றாள் என் மனைவி. "இவர் வந்து சொன்னார். நான்தான் ஜன்னலைச் சாத்துங்கோன்னேன்."

"நீ அடுப்புக்கு முன்னாலே இருந்தே. கண்ணாலே பாத்தவன் நான்" என்றேன். மூன்று பேரும் அழுதோம். பழியைப் பங்கு போட்டால் பாரம் குறையும் என்று பெயர், எங்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கு முழுசாகத்தான் கிடைத்தது.

அப்போதுதான் சட்டைப்பையில் போன் அடித்தது. பெண்.

"அப்பா! வீடியோ இப்பதான் வந்தது! வாயைத் தொறந்துண்டு மூச்சு விடறதுப்பா! புகையெல்லாம் இல்லே, எமர்ஜென்சி அது! உடனே கிளம்புங்கோ! கூட்டம் கீட்டம்னு பாக்காதேங்கோ, யாரையாவது வழி விடச் சொல்லுங்கோ! அப்பா? கேக்கறதா? இன்னும் நேரம் இருக்குப்பா, ஓடுங்கோ!"

கூடை என் காலடியில் இருந்தது. துண்டால் மூடியிருந்தேன். "அப்பா, ஏன் பேசமாட்டேங்கறேள்?" என்று கேட்டாள். மறுபடியும் கேட்டாள். மூன்றாம் முறை கேட்கவில்லை. என் மனைவி போனை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பூனையைப் பின்கட்டுத் தென்னையடியில் புதைத்தேன். பெண் பல நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. பிறகு பேசினாள். ஒரு நாள் அவளே, "நீங்க வேணும்னு செய்யலியே அப்பா" என்றாள். வேண்டுமென்று செய்திருந்தால் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம்.

அடுத்த பொங்காலைக்கு முதல் நாள், என் மனைவி வாசலில் கல்லை வைத்துவிட்டு, பக்கத்தில் கொஞ்சம் இடத்தைக் காலியாக விட்டாள். போனக்காட்டுக்காரி வந்தாள், பார்த்தாள், அந்த இடத்துக்கு அந்தப் பக்கமாகத் தன் செங்கல்லை வைத்தாள். எங்கள் படியிலிருந்து தெருவின் நடுவரைக்கும், கூடை தூக்கிக்கொண்டு ஓர் ஆள் போகிற அகலம். மறுநாள் விடிந்ததிலிருந்து நான் அதற்குக் கண்கொத்திப் பாம்பாகக் காவல் நின்றேன். இடம் தேடி வந்தவர்களையெல்லாம் விரட்டினேன்.

கடைசியாக ஒருத்தி இடுப்பில் பானையும் கையில் கல்லுமாக வந்து, "இவிடெ ஸ்தலம் உண்டல்லோ சாரே" என்று குனிந்தாள்.

"இங்கே கூடாது. இது வழி" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வீட்டில் ஆர்க்கெங்கிலும் சுகமில்லே?" என்று கேட்டாள். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்கிறாள்.

அடுப்புக்கு ஓலை செருகிக்கொண்டிருந்த என் மனைவி கையை நிறுத்தினாள்.

"யாருக்குமில்லேம்மா" என்றேன். "வழி இருக்கட்டும்."

அன்று முழுக்க அந்த வழியாக யாரும் போகவில்லை.